சௌந்தரம் அத்தையின் சாட்சி

அண்ணாமலை நகர்
7.7.2009

அன்புள்ள அண்ணனுக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குத் தலையாட்டத்தான் வருகிறது. அண்ணியும் பாப்பாவும் சுகம்தானே?

ஞாயிறு ஆராதனை முடிந்து கடலூரிலிருந்து திரும்பும்போது பேருந்தில் கண்ணயர்ந்துவிட்டேன். உங்கள் பாட்டும் ஜனங்களின் கைதட்டலும் உப்பங்கழி மேல் மிதந்து கூடவே வந்தன. மழை வெளிச்சத்தில் நீங்கள் பனைமர உயரத்துக்கு நடந்துவருவதுபோல் இருந்தது. எனக்குச் சந்தோஷம்தான் அண்ணா. முன்பு பதினைந்து பேர் பாயில் உட்காருவோம். இப்போது "பாஸ்டர் தங்கச்சி" என்று எனக்கு ஃபேனுக்கடியில் நாற்காலி போடுகிறார்கள்.

நேற்று டி.டி.பி. கடையில் வேலை முடிந்ததும் புவனகிரிக்குப் போய்ச் சௌந்தரம் அத்தையைப் பார்த்தேன். உங்கள் ஜெபத்தால் சர்க்கரைப் புண் ஆறியதென்று மே மாதம் சாட்சி சொன்னவர்கள். கால் விரல் மறுபடி கறுத்திருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டார்களாம். கெஞ்சிப் பார்த்தேன்.

"நீ சொல்லாத பாப்பா. தம்பி சொல்லட்டும், போடுறேன்" என்றார்கள், உங்களைத்தான்.

உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

தங்கை
இலக்கியா

கடலூர்
11.7.2009

பாசமுள்ள இலக்கியாவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக. இலக்கியா அத்தை வராத வாரம் சோறு இறங்கவில்லை என்கிறாள் பாப்பா. நீ அடிக்கடி வரக்கூடாதா?

சௌந்தரம் அத்தைக்காக மூன்று நாள் உபவாசம் இருந்தேன். மாத்திரை விஷயத்தை நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. நான் சொன்னதாகவே சொல். மேடையில் மட்டும் என்னால் முடியாது. அடுத்த மாதம் சுகமளிக்கும் கூட்டம். அவர்கள் சாட்சிதான் முதலில். இப்போது வேறு மாதிரி பேசினால் ஜனங்களின் விசுவாசம் குலைந்துபோகும். மகிமை எனக்கில்லை, அவருக்கே. பேனரில் என் படம் பெரிதாக இருப்பது கமிட்டிக்காரர்கள் வேலை.

சபைப் பத்திரிகையில் நீ எழுதிய அந்தச் சாட்சியைப் பலர் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். படித்த பிள்ளையின் கை! கூட்டத்துக்கும் நீதான் எழுத வேண்டும்.

அண்ணன்
இளவரசு

அண்ணாமலை நகர்
16.7.2009

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னதாகச் சொன்னேன். அத்தை சிரித்தார்கள். "தனியா சொல்லி அனுப்புனா என் விசுவாசத்தச் சோதிக்கிறாருன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா?"

பிறகு ஒன்று சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து தூக்கத்தில் நடப்பதுபோல் இருக்கிறேன். கடையில் எழுத்துகள் திரையில் நீந்துகின்றன.

மே மாதம் அவர்கள் என்னிடம் சொன்னது, "மாத்திரயும் போட்டேன், தம்பியும் ஜெபிச்சாரு" என்றுதான். டைப் அடிக்கும்போது நான்தான் அதை வெட்டிவிட்டு, 'மாத்திரைகளைத் தூர எறிந்தேன்' என்று போட்டேன். அந்த வாக்கியத்தில் நீங்கள் பெரியவராகத் தெரிந்தீர்கள். அந்தப் பெருமையில் எனக்கும் கொஞ்சம் கிடைத்தது. நீங்கள் அதை நம்பி மைக்கில் வாசித்தீர்கள். அன்றைக்குத்தான் மாத்திரையை நிறுத்தியதாக அத்தை சொன்னார்கள்.

"அத்தன பேரு முன்னால தம்பி படிச்சாரு. அது பொய்யாப் போவலாமா?"

நேற்று விடியலில் ஒரு கனவு. வெள்ளாறு நம் ஜெப வீட்டுக்குள் ஓடுகிறது. எல்லோரும் முழங்கால் தண்ணீரில் நின்று உங்களையே பார்க்கிறார்கள். அத்தை மட்டும் குனிந்து தண்ணீருக்குள் எதையோ துழாவிக்கொண்டிருக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

டாக்டரை விசாரித்தேன். இப்போது வந்தால் ஒரு விரலோடு போகும், தள்ளினால் கால் என்கிறார். கூட்டத்துக்கு நான் எழுத மாட்டேன், கோபிக்காதீர்கள்.

அண்ணா, இவ்வளவு எழுதியும் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அத்தையைக் கைப்பிடித்து அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைப்பேன். 'அந்தச் சாட்சியை மாற்றி எழுதியது இலக்கியா, விசாரிக்காமல் வாசித்தது நான்' என்று அதே மைக்கில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு இறங்கி வந்து, எல்லோரும் பார்க்க, அத்தை கையில் மாத்திரையைக் கொடுங்கள்.

தங்கை
இலக்கியா