நாடகத்தில் கொடுத்த வாக்கு

எம்.ரெட்டியபட்டி
22.7.2024

அன்புத் தங்கச்சி முருகலட்சுமிக்கு,

அண்ணன் சங்கையா எழுதுவது. போனில் பேசினால் எனக்கு வாய் தடித்துவிடும், அதனால்தான் கடுதாசி. மூணாந்தேதி உன் நாடகக் கூட்டம் நம்மூர்ப் பொட்டலில் ஆடப்போகிறதாமே? பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணுகிற அப்பன் கதையாம். ஆவணியில் என் மகள் முனீஸ்வரியை என் மச்சினன் ஜெயபாண்டிக்குக் கொடுக்கிறேன் என்று தெரிந்தே வருகிறாயா? மழையை நம்பிப் பிழைக்கிற மானாவாரிக்காரன் நான், தேடி வந்த சம்பந்தத்தைத் தள்ள முடியுமா? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டும் நிறுத்தியாயிற்று. என் மானத்தை வாங்காதே. வராதே.

உன் மதினி உன்னை விசாரித்தாள்.

அண்ணன்
சங்கையா

மதுரை
26.7.2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

கல்யாணத்தை நிறுத்த எனக்கு ஒரு போன் போதும். உன்னைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைக்க மனசு வராமல்தான் நாடகத்தோடு வருகிறேன். எங்கள் ஆட்டத்தில் பார்க்கிறவர்களும் ஆடலாம். பிடிக்கவில்லையா, "நிறுத்து" என்று கத்திவிட்டு, அந்த ஆளின் இடத்தில் நின்று பேசலாம். அப்பன் பேசுவது சரியில்லை என்றால் நீயே வந்து பேசேன். உன் வாயை யார் கட்டினது?

மதினிக்கு என் அன்பு.

தங்கச்சி
முருகலட்சுமி

எம்.ரெட்டியபட்டி
5.8.2024

முருகலட்சுமிக்கு,

திருப்திதானே?

உன் கூட்டத்து ஆள் ஒருத்தன், மகளைப் போட்டு அடிக்கிற அப்பனாக ஆடினான். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் என்றைக்கு என் பிள்ளையை அடித்தேன்? பொறுக்காமல் "நிறுத்துலே!" என்று எழுந்து போனேன். அப்பன்னா எப்படி என்று காட்டத்தான் போனேன். அடுத்த நிமிஷம் முனீஸ்வரியும் "நிறுத்து" என்று எழுந்து, மகளாக என் எதிரே வந்து நிற்கிறாள்.

"யப்பா, நான் படிக்கிறேம்ப்பா. மாமனைக் கட்டச் சொல்லாதீக."

அத்தனை பேர் முன்னால் அதட்ட முடியுமா? நாடகம்தானே என்று, "சரி தாயி, படி" என்றேன். கைதட்டல் அடங்கவே இல்லை.

விடிந்ததும் ஜெயபாண்டி வந்துவிட்டான். "ஊரு பாக்கச் சொல்லிட்டீகளே மச்சான், இனி எந்த மூஞ்சிய வச்சு தாலி கட்டுவேன்?" நாடகத்துக்குச் சொன்னதப்பா என்றேன். ஊர்ப் பெரியவர் மொக்கையன் குறுக்கே விழுந்தார்: "சபையில சொன்ன சொல்ல மாத்துனா, நாளைக்கு உன் பேச்ச எவன் நம்புவான் சங்கையா?" சம்பந்தம் முறிந்தது. தம்பி முகத்தில் எப்படி முழிப்பேன் என்று உன் மதினி அழுகிறாள்.

இன்று காலை பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குத் திருச்சுழி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பாவி மகள், ஜன்னலில் உட்கார்ந்து சிரிக்கிறாள்.

இனி என் வாசலை மிதிக்காதே. அவளுக்குக் கணக்குக் கைடு வேண்டுமாம், இங்கே கிடைக்கவில்லை. தபாலில் அனுப்பு. நீ கொண்டுவராதே.

சங்கையா