மூன்றாம் முறையும் நினைவு தப்பினாள்

12.5.1988, வியாழன். பிரிக்பீல்ட்ஸ்.

இன்று ஈரேழு உலகமும் நடுங்க, நாடகம் பாதியில் இருக்கும்போதே என் கையாலேயே டிவியை அணைத்தேன். கதாநாயகிக்கு மூன்றாம் முறையும் நினைவு தப்பிவிட்டது. ஏழு யுகங்களாக ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தவன் நான்! அவள் புருஷனை மன்னிக்கலாமா, கூடாதா என்று வாதாடித்தான் பக்கத்து வீட்டு மச்சான் சிவாவோடு போன தீபாவளியிலிருந்து பேச்சே இல்லை.

அணைத்ததும் சுவருக்கு அப்பால் அவன் டிவியும் அடங்கியது. வாசலுக்கு வந்தேன். அவனும் வந்து நின்றான்.

“என்ன மச்சான், டிவி கெட்டுப் போச்சா?” என்றேன்.

“டிவி நல்லாத்தான் இருக்கு லா. அவ அழுறத என்னால தாங்க முடியல.”

நான் சிரித்த சிரிப்பில் கிள்ளான் போகும் ரயில் தடம் புரண்டிருக்கும்.

அடுத்த வியாழன் நாடக நேரத்தில் இருவரும் கடையில் நுரை பொங்க ஆற்றித் தரும் தே தாரிக் டீ குடிக்கப் போகிறோம். சண்டை போடத்தான் இனி வேறு விஷயம் தேட வேண்டும்.