மணல்திட்டுக்குப் போகாத பணம்

ஈப்போ,
5-1-1928

தம்பி சவரிநாதனுக்கு,

உடம்புக்குக் குறைவில்லை. பதவிதான் பதினெட்டு வருஷமாக அதே இரண்டாம் கிளார்க்.

பேராக் ஆற்று ஆமைகள் அருகிவருகின்றன, முட்டைகளை விலைக்கு வாங்கி வேலிக்குள் புதைத்தால் இனம் பிழைக்கும் என்று நீ சொன்னதை நம்பித்தான் ஆபீஸ் ஆபீஸாக ஏறி நாற்பது வெள்ளி திரட்டினேன். ஆனால் போன வருஷச் செலவுக்கு நீ ரசீது தரவில்லை. முட்டை விற்ற ஒவ்வொருவரிடமும் கைநாட்டு வாங்கி அனுப்பு. பிறகுதான் பணம்.

பணம் கொடுத்தவர்களுக்கு நீ எழுதிய நன்றிக் கடிதத்தில் என் ஆபீஸ் ஸ்கந்தராஜாவின் பெயர் என் பெயருக்கு மேலே இருந்ததையும் கவனித்தேன்.

அருளம்பலம்


பாரிட்,
29-1-1928

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் என் மனைவி ரோசரியும் உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறோம். பெயர் விஷயத்தில் பிழை என்னுடையது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராகக் காயத்துக்குக் கட்டுப்போடும் வேலை முடிந்ததும் தினமும் சைக்கிளில் வீடு வீடாகப் போனேன். பதினேழு கைநாட்டுகளும் இத்துடன் இருக்கின்றன. மூன்று வாரம் அதற்கே சரியாகிவிட்டது.

நான்கு வருஷத்துக்கு முன் நாற்பது ஆமைகள் ஏறிய மணலில் இம்முறை ஒன்பதுதான். இந்த வருஷம் முட்டைகளை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருக்கும் பத்துமலை சிரிக்கிறான்: "டிரசரே, ஆமை என்ன ரசீது பார்த்தா முட்டை போடுது? வேணும்னா இப்பவே எடுத்துக்கங்க லா." எட்டுக் குழி முட்டை சந்தைக்குப் போய்விட்டது. மீதி ஒரு குழி. தயவுசெய்து உடனே அனுப்புங்கள்.

சவரிநாதன்


ஈப்போ,
6-2-1928

தம்பி,

பணம் என் கையில் இல்லை. அதனால்தான் ரசீது கேட்டு நாள் கடத்தினேன்.

டிசம்பரில் எங்கள் துரை சீமைக்குப் புறப்பட்டார். ஆபீஸ் வழக்கப்படி தங்கக் கடிகாரம் வாங்கினோம். கொடுத்தவர் பட்டியலில் என் பெயர் முதலில் நிற்கவேண்டுமென்று ஆமைப் பணத்தைப் போட்டேன். தலைமைக் கிளார்க் ஆனதும் திருப்பிவிடலாம் என்பது என் எண்ணம். அந்த வேலை ஸ்கந்தராஜாவுக்குப் போயிற்று. கடிகாரத்துக்கு அவன் கொடுத்தது இரண்டு வெள்ளி.

இன்று சம்பள முன்பணத்துக்கு அவனிடமே போய் நின்றேன். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நீ பதினேழு வீடும் ஏறுவாய் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். உன்னை எனக்குத் தெரியாதா?

நாற்பதும் மணியார்டரில் வருகிறது. அந்த ஒரு குழியையாவது வாங்கிவிடு.

அருளம்பலம்


பாரிட்,
12-2-1928

அண்ணனுக்கு,

பணம் ஒன்பதாம் தேதி வந்தது. கடைசிக் குழி எட்டாம் தேதியே போய்விட்டது.

பணம் இல்லை என்று ஜனவரியில் ஒரு வரி எழுதியிருக்கலாம். பத்துமலை எனக்குத் தவணை கொடுத்திருப்பான்.

அடுத்த பருவம்வரை நாற்பது வெள்ளியையும் ஸ்கந்தராஜா அவர்கள் வைத்திருக்கச் சம்மதித்தார். காரணத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன்.

நீங்கள் இனி எனக்கு எழுதவேண்டாம்.

சவரிநாதன்