மின்னல் விழாத பக்கம்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் சின்னதும் சுகம்தானே? அக்காவும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

உனக்குச் சற்று முன்னால் பிறந்ததற்கே அக்கா என்று அதிகாரம் பண்ணுவாளே, அவள் குழந்தை தங்காமல் போனதிலிருந்து வாயே திறப்பதில்லை. நம் நாற்றுப் பண்ணைக்கு வருகிறாள், ஆனால் மெலிந்த நாற்று ஒன்றைக்கூடப் பிடுங்கி எறிய விடுவதில்லை. எல்லாவற்றையும் தனித்தனிக் கோப்பையில் நட்டுக் குளியலறை ஜன்னல்வரை அடுக்கிவிட்டாள். அப்பா கத்தரிச் செடிகளுக்கு நடுவே கண்ணாடியைத் தேடிச் சவரம் செய்கிறார். அவள் மாமியார் வேறு பார்க்க வந்த இடத்தில், இவ உடம்புக்கு அந்தத் தெம்பு இல்ல போலிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிய கதைதான். எனக்கு நின்றால் நிலை கொள்ளவில்லை, உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. நீ உன் பரிணாமப் பாடத்திலிருந்து ஒன்று சொன்னாயே, அச்சில் வார்த்த மாதிரி இரட்டையர், ஒருவன் மேல் மின்னல் விழுந்தது, மற்றவன் பிள்ளைகுட்டி பெற்றான், அதற்காக அவன்தான் தகுதியானவன் என்று சொல்லிவிட முடியுமா என்று. ஆறுதலாக இருக்கட்டுமே என்று அதைப் போய் அவளிடம் சொன்னேன். இரட்டைப் பிறவியிடமே இரட்டையர் கதையைச் சொல்கிறோம் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. மண் அப்பிய கையோடு நிமிர்ந்தவள், அப்ப மின்னல் என்மேல விழுந்துச்சு, அந்தப் பக்கம் நிக்கிறது யாரும்மா என்று கேட்டாள். நீ உண்டாகியிருப்பதை அவளிடம் மறைத்தல்லவா வைத்திருக்கிறேன். தகுதி என்பது நடந்து முடிந்ததை வைத்து இல்லை, நடக்கக் கூடியதை வைத்து, அதில் இரட்டையர் இருவரும் ஒன்றுதான் என்று நீ ஏதோ சொன்னாய். அதை நான் சொல்லப்போனால் குட்டையைக் குழப்பிவிடுவேன் என்று எழுந்து போய்விட்டேன், கோழை.

இன்று காலை அவளே அடுப்படிக்கு வந்தாள். குமட்டும்போது எலுமிச்சை இலையைக் கசக்கி மோந்து பாக்கச் சொல்லும்மா அவள, எனக்கு அதுலதான் நின்னுச்சு, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே உடம்புதானே என்றாள். போனில் என்னோடு பேசிக்கொண்டே நீ குமட்டிக்கொண்டு ஓடியதை அன்றைக்கே கேட்டுவிட்டாளாம். நீயாகச் சொல்வாய் என்று இத்தனை நாளும் பொறுத்துப் பார்த்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேரம் தவறாமல் சாப்பிடு, படியில் பார்த்து இறங்கு. தாயும் பிள்ளையுமாக நன்றாக இருக்க வேண்டும். இதோடு வைத்திருக்கும் எலுமிச்சை இலை கிடைத்ததா என்று எனக்குப் பதில் போட வேண்டாம், அவளைக் கூப்பிட்டுச் சொல்.

உன் அம்மா