தானாகச் சாப்பிட்ட கைபேசி

கொரியாவின் மொக்போ துறைமுகத்திலிருந்து ஜெர்மனியின் ஹாம்பர்க் வாழ் அக்கா நாரேவுக்குச் சகல மரியாதையுடன் அறிவிப்பது: நம் வீட்டுக் குக்கர் மூடி நேற்று முதல் ஒழுங்காக மூடுகிறது. அப்பா, அம்மா, நான், மூடி நால்வரும் நலம். உன் வயிற்றுத் தையலின் நலம் அறிய ஆவல். அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவர் சொன்னது பத்து வார்த்தை, மிச்சம் தம்பி ஹன்சோலின் கைவண்ணம்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று இங்கே நடந்தது உனக்குத் தெரிய வேண்டுமாம். மாலை ஏழு மணி. உன் அறைத்தோழி போமி அங்கிருந்து அம்மாவை அழைத்து, குடல்வால் அறுவை முடிந்தது, இரண்டு நாளாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். மேசைமேல் யாரும் தொடாமல் கிடந்த அப்பாவின் கைபேசி அந்த நேரம் பார்த்து, ‘சாப்பிட்டியாம்மா?’ என்று உனக்குத் தானாகவே அனுப்பியது. மூச்சு விடுவதற்குள் உன்னுடையது, ‘சாப்பிட்டேன்பா, நீங்க?’ என்றது. பதினோரு மாதமாக இரண்டு கைபேசிகளும் இப்படித்தான் ஒன்றையொன்று உபசரித்திருக்கின்றன. அம்மா பார்த்த பார்வையில் புதுக் கிம்ச்சி ஊறுகாய் அப்போதே புளித்திருக்கும். “நீங்க கேக்கல, அவ சொல்லல. அப்ப இத்தன நாளா யாரு யாரோட பேசிக்கிட்டிருந்தாங்க?” என்றாள்.

அப்பா தன் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, துணிந்து இறங்கியவன் யார்? உன் தம்பி. அம்மா கையிலிருந்த கைபேசியைப் பிடுங்கி, உன்னிடம் கொடுக்கும்படி போமியிடம் சொல்லி, அப்பாவின் காதில் வைத்து அழுத்தினேன். நீ கேட்ட அந்த இரண்டு நிமிட மௌனம் இணைப்புக் கோளாறு அல்ல. முப்பது வருஷம் ஐஸ் ஆலையில் உறைந்த மனிதர் உருகிக்கொண்டிருந்தார். பிறகு அவர் சாப்பிட்டியா என்றதும், “இல்லப்பா, பசிக்குது” என்று நீ அழுததும் உனக்கே தெரியும். அன்றிலிருந்து ஏழு மணிக்கு அவரே அழைக்கிறார். நேற்று நீ கருகின ரொட்டியை நின்றுகொண்டே தின்றதை ஐஸ் ஆலை முழுக்கச் சொல்லிவிட்டார். வெற்றி அக்கா, முழு வெற்றி; பெருமையெல்லாம் கடைக்குட்டிக்கே.

கூடவே அனுப்பும் பார்சலில் கடற்பாசி, மிளகாய் விழுது, நெத்திலி இருக்கின்றன. பிறந்தநாளன்று நம் ஊர் வழக்கப்படி கடற்பாசி சூப் வைத்துக் குடிக்க மறக்காதே; குடித்தேன் என்று பொய் சொன்னால் குரலிலேயே அப்பா பிடித்துவிடுவாராம். நீண்ட ஆயுளும் நல்ல பசியுமாக வாழ்க.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அப்பா

கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பா தபால்தலை வாங்கப் போயிருக்கிறார், அதனால் இது நமக்குள். உன் கைபேசியைப் பதில் சொல்லப் பழக்கியது நான் என்று அவருக்குத் தெரியாது. வேலை மும்முரத்தில் கேட்க மறந்துபோகிறது என்று அவர் வந்து நின்றபோது, அவருடையதைக் கேட்கப் பழக்கியதும் நானே என்று உனக்குத் தெரியாது. இரண்டு பேரிடமும் கூலியாகப் பொரித்த கோழி வாங்கித் தின்றேன். பதினோரு மாதம் தனியாகச் சிரித்தேன். அன்று மட்டும் சிரிப்பு வரவில்லை. அப்பாவிடம் நானே சொல்லிவிடுகிறேன் அக்கா. இன்று ஏழு மணிக்கு அவரிடம் கொஞ்சம் அதிக நேரம் பேசு. நல்ல மனநிலையில் இருக்கட்டும்.