என்னை இந்த ஊர்க்காரனாக்கிய இணையதளம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் கழுத்து வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? ஒரு விஷயம், போனில் சொன்னால் ஆத்திரத்தில் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நான் வந்திறங்கும் அன்று நீயும் பாப்பாவும் விமான நிலையத்துக்கு வர, பஸ் டிக்கெட்டை நானே போடுவதாகச் சொன்னேன் அல்லவா, அதில் ஒரு சின்னச் சிக்கல். பயப்படாதே, சண்டை எனக்கும் அந்த டிக்கெட் இணையதளத்துக்கும்தான். நம் நாட்டுப் பக்கத்தைத் திறந்தால், நான் இங்கே இருப்பதை மோப்பம் பிடித்து இந்த நாட்டுப் பக்கத்தில் கொண்டுபோய்த் தள்ளுகிறது. மூலையில் இருக்கும் கொடியை நம் நாட்டுக் கொடியாக மாற்றினாலும் மறுபடி இங்கேயே வந்து நிற்கிறது. நம் ஊர்ப் பெயரை அடித்தால் அப்படி ஒரு நிறுத்தமே இல்லையாம். வேண்டுமானால் இங்கே கடற்கரை விடுதியில் குடும்பத்தோடு இரண்டு நாள் தங்கலாமாம். எந்தக் குடும்பத்தோடு?

சலவைக்கூடத்தில் பக்கத்து மேசையில் இஸ்திரி போடும் அண்ணன் எட்டிப் பார்த்து, “உன்னை இந்த ஊர்க்காரன்னே முடிவு பண்ணிடுச்சுப்பா” என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருடமாக இந்த ஓட்டலின் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிறேன். இன்றைக்கும் அட்டையைக் காட்டினால்தான் வாசல் காவலாளி உள்ளே விடுகிறான். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வெளிநாட்டார் வரிசைக்குத்தான் கையைக் காட்டுகிறார்கள். என்னைக் கேட்காமல் இந்த ஊரில் சேர்த்துவிட இந்த இணையதளம் யார்?

ஷிஃப்ட் மணி அடித்துவிட்டது. டிக்கெட்டை உன் போனிலேயே போட்டுவிடு. பாப்பாவுக்கு ஜன்னல் சீட். அங்கே திறந்தால் முதல் வரியிலேயே நம் ஊர்ப் பெயர் வருமாமே, அதை மட்டும் படம் பிடித்து எனக்கு அனுப்பு.

பாப்பாவின் அப்பா