ஆறு சென்டிமீட்டருக்குள்

யங்ஸ்டவுன், ஒஹாயோ
மார்ச் 9, 2013

என் அன்பு மார்லிக்கு,

இங்கே நலம். சிகாகோக் குளிரில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் சண்டையில் போய் முடிகிறது, எழுது, எழுதும்போதாவது நிதானமாக இருப்பாய் என்று நீதான் சொன்னாய். அதனால் எழுதுகிறேன். அடித்தளத்துச் சூடேற்றியைச் சரிசெய்துவிட்டேன். உன் செடிகளில் இரண்டு பிழைக்காது போலிருக்கிறது.

வாஷிங்டன் அறிவிப்பை நீயும் பார்த்திருப்பாய். அடுத்த மாதக் கடைசியிலிருந்து, ஆறு சென்டிமீட்டருக்குள் அலகுள்ள சின்ன மடக்குக் கத்திகளைப் பயணிகள் விமானத்துக்குள் கொண்டுபோகலாமாம். விமான நிலையத்தில் எங்கள் சோதனை வரிசையில் எல்லோருக்கும் நிம்மதி. போன வாரம் ஒரு அம்மாள், இறந்துபோன கணவரின் சாவிக்கொத்தை நீட்டினாள். அதில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு கத்தி. "இத வச்சு ஆப்பிள்கூட வெட்ட முடியாதுப்பா" என்றாள். விதி விதிதானே. அவள் முன்னாலேயே கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். இந்தப் பாவம் இனி என் கையில் ஒட்டாது.

பத்திரிகையில் உன் படம் வந்திருந்தது. விமானப் பணியாளர்கள் நீங்களெல்லாம் இந்த விதியை எதிர்த்துப் பதாகை பிடித்து நிற்கிறீர்கள். சொந்தப் பெண்டாட்டி எதிர்க்கட்சியில் இருப்பது எனக்குப் பத்திரிகை பார்த்துத்தான் தெரிய வேண்டியிருக்கிறது. போகட்டும். உன் பக்கத்தில் நிற்கிறானே உயரமாக ஒருத்தன், அவன் யார்? உன் தோளில் கை போட்டிருக்கிறான். சும்மாதான் கேட்கிறேன்.

உன்,
லெஸ்டர்


சிகாகோ
மார்ச் 17, 2013

அன்புள்ள லெஸ்டருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. செடிகள் போனால் போகட்டும், நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

அவன் பெயர் டெரன்ஸ். என்னோடு பறக்கும் பணியாளர்களில் மூத்தவன். விதியை எதிர்க்கும் மனுவுக்குக் கையெழுத்து வாங்கும் வேலையெல்லாம் அவன் பொறுப்பு. படம் எடுக்கிறவர் நெருங்கி நில்லுங்கள் என்றார், எல்லோரும் நெருங்கி நின்றோம். படத்தில் என் இடப்பக்கம் நிற்கும் டோரிஸும் என் தோளில்தான் கை போட்டிருக்கிறாள். அது உன் கண்ணில் படவில்லை.

நான் ஏன் பதாகை பிடித்தேன் என்று நீ கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். போன அக்டோபரில் ஃபீனிக்ஸ் போகும் விமானத்தில் ஒருவனுக்கு நான்காவது விஸ்கி கிடையாது என்றேன். அவன் எழுந்து, பின்னால் நாங்கள் உணவு எடுத்துவைக்கும் மூலைக்கே வந்துவிட்டான். அந்த இடம் உனக்குத் தெரியும், இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும். வழியை மறித்துக்கொண்டு, கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி, "இப்ப குடுப்பியா மாட்டியா" என்றான். விமானிகளுக்குப் பூட்டிய கதவு இருக்கிறது. எங்களுக்கு என்ன இருக்கிறது? அந்தப் பைக்குள் எதுவும் இருக்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஏனென்றால் கீழே உன்னைப் போன்றவர்கள் நிற்கிறீர்கள். அந்த ஒரு நினைப்பில்தான் குரல் நடுங்காமல் அவனை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான். அடுத்த மாதக் கடைசிக்குப் பிறகு அந்த நிச்சயம் எனக்கு இருக்காது.

இதை உன்னிடம் அப்போது சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அவன் உன்னைத் தொட்டானா, எங்கே தொட்டான் என்றுதான் முதலில் கேட்டிருப்பாய். முன்பக்கத்தில் வேலையாக இருந்த டெரன்ஸ்தான் வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தான். அவனுக்குத் தெரியும்.

ஈஸ்டருக்கு இங்கே வா. ஊழியரின் கணவன் என்று உனக்கு இருக்கை கிடைக்கும். வேலை நாட்களில் நாங்கள் எட்டு பேர் தங்கும் வீடுதான், ஆனாலும் நமக்கு ஒரு அறை ஒழித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா செய்கிற மாதிரி வால்நட் ரொட்டி சுடப்போகிறேன்.

உன் மார்லி


யங்ஸ்டவுன்
ஏப்ரல் 3, 2013

மார்லி,

ஈஸ்டருக்கு வரவில்லை என்று கோபமாக இருப்பாய். அன்றைக்கு வேலை போட்டுவிட்டார்கள் என்று போனில் சொன்னேன். பொய். நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நீங்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எனக்குப் புரியாத விமானக் கதைகளுக்குச் சிரிப்பீர்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு இங்கே ஊர்க்காரன் செருப்பைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருப்பதே மேல்.

அக்டோபரில் நடந்தது மார்ச்சில் எனக்குத் தெரிகிறது. அவனுக்கு அன்றைக்கே தெரியும். நீ ஃபீனிக்ஸிலிருந்து திரும்பிய ராத்திரி நாம் இருவரும் மீன் வறுவல் சாப்பிடப் போனோம், ஞாபகம் இருக்கிறதா? பயணம் எப்படி என்று கேட்டேன். "வழக்கம்போலத்தான்" என்றாய். எதிரில் உட்கார்ந்து என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டவளுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. இதையே நினைத்துக்கொண்டு படுக்கிறேன், இதையே நினைத்துக்கொண்டு எழுகிறேன்.

சென்ற வாரம் டெரன்ஸ் நம் வீட்டுக்கே போன் செய்தான். உன் கைபேசி எடுக்கவில்லையாம். "மார்லிகிட்ட சொல்லுங்க, பதினொன்னாம் தேதி வாஷிங்டன்ல பேசறதுக்கு நேரம் கிடைச்சிருச்சுன்னு" என்றான். மார்லி! உன் அம்மாகூட உன்னை மார்லீன் என்றுதான் கூப்பிடுகிறாள். பதினாறு வருஷமாக அந்தப் பெயர் என் வாயில் மட்டும்தான் இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விதி வரட்டும், நல்ல விதி என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், என் பெயரிட்டு. எங்கள் வரிசையில் கேலி செய்கிறார்கள். "லெஸ்டரு, வீட்டுல யாரு கட்சி ஜெயிக்குது?" என்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன்.

லெஸ்டர்


சிகாகோ
ஏப்ரல் 14, 2013

லெஸ்டர்,

நேராகக் கேட்கிறேன். பதினொன்றாம் தேதி காலை டெரன்ஸைச் சோதனை வரிசையில் நிறுத்திவைத்தது நீயா?

உங்கள் ஊர்ப் பக்கத்து விமான ஊழியர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அங்கிருந்து நேரே வாஷிங்டனுக்கு வருவதாக இருந்தான். விமானத்தைத் தவறவிட்டுவிட்டேன் என்று போன் செய்தான். ஏன் என்று கேட்டதற்கு, "வரிசை நீளமா இருந்துச்சு" என்றான், அவ்வளவுதான். அடுத்த நாள் டோரிஸ் அவனைக் குடைந்து கேட்டபோதுதான், பையை மூன்று தடவை கவிழ்த்தார்கள் என்று சொன்னான். சோதித்தவனின் சட்டையில் என்ன பெயர் இருந்தது என்று கேட்டேன். "கவனிக்கல மார்லீன்" என்றான். மார்லி என்று சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அவன் வராததால் வாஷிங்டன் கூட்டத்தில் நான்தான் பேசினேன். எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும். எழுந்து நின்று, ஃபீனிக்ஸ் கதையைச் சொன்னேன். முடித்து உட்கார்ந்ததும், இதை லெஸ்டர் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

நீ இல்லை என்று ஒரு வரி எழுது. போதும்.

மார்லி


யங்ஸ்டவுன்
ஏப்ரல் 18, 2013

மார்லிக்கு,

நான்தான்.

வரிசையில் தூரத்தில் வரும்போதே அடையாளம் தெரிந்தது, படத்தில் பார்த்த முகம். பக்கத்துப் பாதைக்குத்தான் போயிருக்க வேண்டியவன். நான் கைகாட்டி என் பக்கம் வரவழைத்தேன். பையை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் உருட்டிவிட்டேன். திரையில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் திறக்கச் சொன்னேன். மேலாக ஒரு உறை. அதற்குள் அட்டையில் வெட்டிய கத்திகள், அலுமினியத் தாள் ஒட்டி, ஏழெட்டு இருக்கும்.

"இது என்ன?" என்றேன்.

"வெறும் அட்டைங்க. ஆறு சென்டிமீட்டர்னா எவ்வளவுன்னு கூட்டத்துல காட்டறதுக்கு."

"கத்தி மாதிரி இருக்கற எதுவும் உள்ள போகக் கூடாது."

அவன் வாதாடவில்லை. "சரி, எடுத்துக்குங்க" என்றான். அதோடு விட்டிருக்கலாம். பைக்குள் இன்னும் கையை விட்டேன். அடியில் வெள்ளித்தாளில் சுற்றி ஒரு பொட்டலம். அதன்மேல் உன் கையெழுத்து. 'டெரன்ஸ், வழியில் சாப்பிட' என்று. பிரிக்காமலேயே வாசனை வந்துவிட்டது. அந்த ரொட்டி இந்த வீட்டு அடுப்பில் வெந்து நான்கு வருஷமாகிறது, மார்லி. ஒவ்வொரு டிசம்பரும் கேட்பேன். நேரமில்லை என்பாய்.

உள்ளே இருக்கும் வால்நட் விழுது திரவக் கணக்கில் வரும் என்று சொல்லித் தொட்டியில் போட்டேன். அப்படி ஒரு கணக்கும் கிடையாது. பின்னால் நின்ற பெண் ஒருத்தி, "ரொட்டியைக்கூடவா?" என்று முனகினாள்.

அப்போதுதான் அவன் என் சட்டையில் இருந்த பெயரைப் படித்தான். முகம் மலர்ந்தது. "நீங்க லெஸ்டர்தானே? மார்லி எப்பவும் உங்களைப் பத்தித்தான் பேசுவா" என்றான். என்ன பேசுவாள் என்று கேட்டிருக்கலாம். கேட்க ஆசையாகவும் இருந்தது. "பெல்ட்டைக் கழட்டுங்க" என்றேன். அவன் கழற்றினான். காலணி, கடிகாரம், எல்லாம். அவன் விமானம் புறப்பட்டதாக ஒலிபெருக்கியில் சொல்லும் வரைக்கும் நான் விடவில்லை.

அவன் புகார் எதுவும் கொடுக்கவில்லை. மேற்பார்வையாளர் கேமராவில் பார்த்துவிட்டார். என்னை வரிசையிலிருந்து எடுத்துப் பின்னால் பெட்டிகள் வரும் கூடத்தில் போட்டிருக்கிறார்கள். அங்கே பேச ஆளில்லை, சத்தம் மட்டும்தான்.

என்மேல் கோபப்படு, திட்டு. ஆனால் ஒன்று மட்டும் எனக்குச் சொல்லிவிடு. அந்த ரொட்டியை அவன் கேட்டானா, நீயாகக் கொடுத்தாயா?

லெஸ்டர்


சிகாகோ
ஜூன் 8, 2013

அன்புள்ள லெஸ்டருக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். நான்கைந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

உன் கேள்விக்கு முதலில் பதில். ஈஸ்டருக்கு ஒன்பது ரொட்டி சுட்டேன். வீட்டில் இருந்த எட்டு பேருக்கும் உனக்கும். நீ வரவில்லை. உன்னுடையதை வெட்டாமல் ஒரு வாரம் வைத்திருந்தேன். பிறகு, கெட்டுப்போவதற்குள் ஊருக்குக் கிளம்புகிறவன் சாப்பிடட்டும் என்று டெரன்ஸிடம் கொடுத்துவிட்டேன். அவன் கேட்கவில்லை. நீ தொட்டியில் போட்டது உன்னுடைய ரொட்டியை.

ஏப்ரல் கடைசியில் தள்ளிவைத்த விதியைக் கைவிட்டு, சின்னக் கத்திகளை அனுமதிக்கப்போவதில்லை என்று புதன்கிழமை அறிவித்துவிட்டார்கள். உனக்குத் தெரிந்திருக்கும். செய்தி வந்தபோது நாங்கள் பத்துப் பதினைந்து பேர் பணியாளர் அறையில் இருந்தோம். எல்லோரும் எழுந்து ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டோம். டோரிஸ் அழுதாள். டெரன்ஸ் என்னிடமும் வந்தான், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, மற்றவர்களிடம் வந்த மாதிரியே. நான் சட்டென்று ஒதுங்கிவிட்டேன். ஒதுங்கி, யாராவது படம் எடுக்கிறார்களா என்று அறையைச் சுற்றிப் பார்த்தேன். அவன் கையைத் தாழ்த்திக்கொண்டு, "பரவால்ல" என்றான். எல்லோர் முன்னாலும் அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

ஒரு தப்பும் செய்யாதவள் திருடியைப் போல ஏன் சுற்றிப் பார்த்தேன் என்று அன்று முழுக்க யோசித்தேன். இத்தனை மாதம் எதற்காகக் கத்தினோம்? பயமில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்றுதானே? அந்தச் சண்டையில் ஜெயித்த நிமிடத்திலேயே எனக்கு உன்னிடம் பயம் வந்தது.

சிகாகோவிலேயே நிரந்தரமாக வேலை தருகிறார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். டோரிஸும் நானும் வேறு வீடு பார்த்திருக்கிறோம். டெரன்ஸ் அடுத்த மாதம் டென்வருக்கு மாறிப் போகிறான், அவன் பெண் அங்கே பள்ளியில் சேர்கிறாள். அவனுக்காக நான் இங்கே இருக்கவில்லை. இதை நீ நம்பமாட்டாய். நம்பமாட்டாய் என்று எனக்குத் தெரிந்ததால்தான் இருக்கிறேன்.

உன்னை நான் வெறுக்கவில்லை. உன்னைப் பற்றி அவனிடம் என்ன பேசினேன் என்று நீ கேட்காமல் விட்டாயே, அதை இப்போது சொல்கிறேன். நம் முதல் வருஷத்தில் நான் கிளம்பும் நாட்களிலெல்லாம், விடிகிற பனியில் என் காரின் கண்ணாடியைச் சுரண்டிவிட்டு, உள்ளே சூடேற்றி வைத்துவிட்டு, நீ மறுபடி போய்ப் படுத்துக்கொள்வாய். அதைச் சொன்னேன். அடிக்கடி சொல்லியிருப்பேன் போலிருக்கிறது.

இருபத்திரண்டாம் தேதி என் துணிமணிகளை எடுக்க வருகிறேன். அன்றைக்கு உனக்கு வேலை இருந்தால் போய்விடு. இல்லையென்றால் வீட்டிலேயே இரு, காபி போடு, இரண்டு பேரும் குடிப்போம். டோரிஸின் தம்பி வண்டி ஓட்டி வருகிறான். அவன் யார் என்று மட்டும் கேட்காதே.

மார்லீன்